நாலேகால் அங்குலம்

ஞாயிறு ராத்திரி பதினொன்று.
திங்கள் தொழிலுக்குப் போகும் படகுகளுக்கு
ஐஸ் ஏற்றும் நேரம்.
கீழக்கரை ஜெட்டியில் கச்சான் காற்று
கையிலிருக்கும் சாக்கைப் பிடுங்குகிறது.
மீன்பெட்டி மேல் கைபேசியைச் சாத்தி வைத்து
கோல்ஃப் பார்க்கிறேன்.

"காக்காவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்கிறான் ரூபஸ்டன்.
பதினோரு வருஷம் அரபு நாட்டில்
நான் புல் வெட்டினவன் என்று அவனுக்குத் தெரியும்.
தாடி வழிப்பதுபோல் ஒட்ட வெட்டும் புல்.
விடியுமுன்னே நீளக் கம்பால் பனியைத் தட்டிவிட்டு
சிவப்புப் புள்ளி வைத்த இடத்தில் குழி எடுப்பேன்.
அகலம் நாலேகால் அங்குலம்.
மயிரிழை கூடினாலும் மேஸ்திரி கத்துவான்.

இன்றைக்குச் சீமையில், அதுவும் ஒரு கடற்கரைதான்,
பெரிய போட்டியின் கடைசி நாள்.
லோவாஸ் என்கிற வெள்ளைத் தொப்பிக்காரன்
ஆறு அடி முன்னால் நிற்கிறான்.
ஆறு அடி என்றால் தூரமில்லை,
மற்றவனைவிட ஆறு தரம் குறைவாக அடித்திருக்கிறான்.
இதை விளக்குவதற்குள் மூன்று கட்டி ஐஸ் உருகிவிட்டது.

"பந்து சும்மாத்தானே கெடக்கு,
ஓடுதா, பாயுதா? அடிக்க வேண்டியதுதானே?"
சும்மா கிடப்பதுதான் சங்கடம் என்று
சொல்ல வாயெடுத்தேன். கணக்கு தவறிவிடும், விட்டுவிட்டேன்.

பதினாலாவது குழியில் ஒரு முழத் தூரம்.
தட்டினான். விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி
வெளியே வந்து உட்கார்ந்தது.
ஆறு, அஞ்சானது.

பதினாறில் மணல்.
"மணலா!" என்று சிரிப்பு.
எங்களுக்குச் சோற்றில் மணல், பாயில் மணல்,
பெண் பார்க்க வந்தவன் செருப்பில் மணல்.
இரண்டு தரம் அடித்தும் அந்தப் பந்து
துரத்தத் துரத்தத் திரும்பும் நாய்க்குட்டிபோல்
அவன் காலுக்கே உருண்டு வந்தது.
மூணு.

சிரிப்பு அங்கே நின்றது.

ரூபஸ்டன் ஐஸ் கட்டியை இறக்கவே இல்லை,
தோளிலிருந்து முதுகு வழியே ஒழுகுகிறது.
"கொடி கச்சானுக்கு ஆடுது,
இவன் வாடைக்கு அடிக்கிறானே, காத்தைப் பாக்க மாட்டானா?"
பதினேழில் பந்து முள்ளுப் புதருக்குள் போனது.
மஞ்சள் பூப் பூத்த ஏதோ முள்,
நம்ம கருவைக்கு ஒன்றுவிட்ட தம்பி.
ஐம்பது பேர் குனிந்து தேடினார்கள்.
ரூபஸ்டனும் குனிந்தான், கைபேசிக்குள்.
கிடைக்கவில்லை.
மிச்சம் சைபர்.

அப்போது பார்த்து வட்டம் சுற்ற ஆரம்பித்தது.
கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டி முனைக்கு ஓடினோம்,
நாலு பேர், ஒரு ஐஸ் கட்டியோடு.

வந்தபோது கடைசிக் குழி.
எப்போதோ ஆடி முடித்துப் பெட்டி கட்டியவனை
பாதி வழியில் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார்களாம்.
லோவாஸுக்கு இரண்டு முழம். போட்டால் சமன்.

நான் அவனைப் பார்க்கவில்லை, குழியைப் பார்த்தேன்.
உள்விளிம்பில் வெள்ளைச் சாயம், பிசிறில்லை.
நல்ல கை.
இருட்டில் எழுந்து வந்து இதை வெட்டியவன்
இப்போது எந்த மூலையில் நிற்கிறான்?

பந்து ஒரு விரற்கடை வலது பக்கம் போய்விட்டது.

லோவாஸ் தொப்பியைக் கழற்றினான்.
தொப்பி இருந்த இடம் மட்டும்
பச்சைப் பிள்ளைபோல் வெளுத்திருந்தது.
பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல்
நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டாவது வந்தவனுக்கு என்ன கெடைக்கும் காக்கா?"
சொன்னேன். இங்கே கட்டிக் கிடக்கிற படகு அத்தனையும் வாங்கலாம்,
வருஷம் முழுக்க டீசலும் போடலாம்.
"பெறகு ஏன் இப்புடி நிக்கிறான்?"
யாரும் பேசவில்லை.
போன மாசம் கரை தெரியும் தூரத்தில்
வலையைப் பறிகொடுத்து வந்த பொன்ராசு மட்டும்
"நிப்பான்" என்றான்.

ஏற்றியது நாற்பதா, நாற்பத்தொன்றா?
முதலிலிருந்து எண்ணினோம்.

படகுகள் போனபின் கரையில் ஒரு நண்டு வளை.
குந்தி உட்கார்ந்து விரலால் அளந்தேன், பழக்க தோஷம்.
சின்னது.
விளிம்பும் சரியில்லை.